நனைஞ்ச கிளட்ச், காஞ்ச கிளட்ச்

உங்க பைக்ல கிளட்ச் எங்க இருக்குன்னு கேட்டா, ஹேண்டில்பார்ல இடது பக்கம் இருக்கிற லீவரைத்தான் காட்டுவீங்க. அது வெறும் கேபிள் இழுக்கிற கம்பி. நிஜமான கிளட்ச் இன்ஜினுக்குப் பக்கவாட்டுல, வட்டமா உப்பலா ஒரு மூடி இருக்கும் பாருங்க, அதுக்குள்ள ஆயில்ல முங்கிக் கிடக்கு. ஸ்ப்ளெண்டர், பல்சர், அப்பாச்சி, இப்ப வர்ற புல்லட், எதைப் பிரிச்சாலும் இதே கதைதான். இதுக்குப் பேரு வெட் கிளட்ச்.

இப்ப ஒரு நிமிஷம் யோசிங்க. கிளட்ச்சோட வேலை பிடிக்கிறது. ஆயிலோட வேலை வழுக்க விடுறது. பிடிக்க வேண்டிய ஒரு சாமானைக் கொண்டுபோய் வழுக்குற சாமானுக்குள்ள ஏன் முக்கி வச்சாங்க? கார், லாரி, பஸ் எல்லாத்துலயும் கிளட்ச் காஞ்சுதானே இருக்கு? மோட்டோஜிபி வண்டிகள்லயும் ட்ரை கிளட்ச்தானே?

இந்தக் கேள்வியில ஆரம்பிச்சதுதான் எங்க ஃபைனல் இயர் புராஜெக்ட். நாலு பேர் டீம். ஒரு புல்லட்டோட வெட் கிளட்ச்சை ட்ரை கிளட்ச்சா மாத்தணும், ரோட்ல ஓட்டிக் காட்டணும். ஜீரோத் ரிவ்யூல கைடுக்குப் பிடிச்சிருந்தது. "நாவல்டி இருக்கு"ன்னார். நாலு வருஷத்துல அந்த வார்த்தையை எங்களைப் பாத்து யாரும் சொன்னதில்ல.

புல்லட் யாருதுன்னு கேக்கறீங்களா? எங்க அப்பாவோடது. அங்கதான் சிக்கலே.

முதல்ல விஷயத்தைப் பேசிருவோம். நான் பிளஸ் டூ வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். 'உராய்வு'ங்கிற வார்த்தையை நான் தமிழ்ல எழுதுறது அநேகமா இதுதான் முதல் தடவை. அதனால தென்காசியில எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்த மெக்கானிக் அண்ணாச்சி பயன்படுத்துற வார்த்தையையே எடுத்துக்கறேன்: பிடி. "பிளேட்ல பிடி இல்ல தம்பி"ன்னா உராய்வு குறைஞ்சிருச்சுன்னு அர்த்தம். பாடப்புத்தகத்துல அதுக்கு மியூன்னு ஒரு எழுத்து. ஆயில்ல நனைஞ்ச பிளேட்டுக்கு அது ஏறக்குறைய 0.1. காஞ்ச பிளேட்டுக்கு 0.3 பக்கம். அதாவது அதே ஸ்பிரிங், அதே பிளேட் அளவு, ஆனா மூணு மடங்கு பிடி. இதை ஈடுகட்டத்தான் வெட் கிளட்ச்ல அஞ்சு ஆறு பிளேட்டை தோசை அடுக்குற மாதிரி அடுக்கி வைக்கிறாங்க. கார்ல ஒரே ஒரு பெரிய பிளேட் போதும்.

காஞ்ச கிளட்ச்சுக்கு வேற லாபங்களும் உண்டு. ஆயிலுக்குள்ள சுத்துற பிளேட் ஆயிலையும் சேத்து இழுத்துக்கிட்டுதான் சுத்தும். கிளட்ச்சைப் பிடிச்ச பிறகும் பிளேட்டுகள் முழுசா விலகாம ஒண்ணோட ஒண்ணு லேசா ஒட்டிக்கிட்டே இருக்கும். காலையில முதல் கியர் போடும்போது "டொக்"னு வண்டி ஒரு அடி முன்னால குதிக்குதுல்ல, அதுக்கு இதுவும் ஒரு காரணம். அப்பா தினமும் காலையில புல்லட்டை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு மூணு தடவை சும்மா கிக் அடிப்பாரு. சின்ன வயசுல அதை ஏதோ சாமி கும்பிடுற மாதிரி ஒரு பழக்கம்னு நெனச்சிருந்தேன். பழைய புல்லட்ல கிக்கர், கியர்பாக்ஸ் வழியா கிளட்ச்சைத் தாண்டித்தான் இன்ஜினுக்குப் போகும். கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டு கிக் அடிச்சா இன்ஜின் சுத்தாது, ராத்திரி பூரா ஆயில்ல ஒட்டிக் கிடந்த பிளேட்டுகள் மட்டும் பிரியும். சாரல் அடிக்கிற ஜூலை மாசக் குளிர்ல ஆயில் கெட்டியா இருக்கும், அன்னைக்கு அஞ்சு தடவை அடிப்பாரு. காஞ்ச கிளட்ச்ல இந்த வேலையே கிடையாது.

அடுத்தது ஆயில் பிரச்சினை. இப்போதைய பைக்குகள்ல இன்ஜின், கியர், கிளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட் தேஞ்சா அந்தத் தூளும் அதே ஆயில்லதான் கலக்கும். ஆயிலை ரொம்ப வழுக்கலா செஞ்சா இன்ஜினுக்கு நல்லது, ஆனா கிளட்ச் வழுக்கும். உங்க வீட்டு ஆயில் டப்பா பின்னாடி திருப்பிப் பாருங்க, பைக் ஆயில்னா ஜேஏஎஸ்ஓ எம்ஏ இல்லன்னா எம்ஏ2 அப்படின்னு இருக்கும். ஸ்கூட்டர் ஆயில்ல எம்பின்னு இருக்கும். ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்கள்ல கிளட்ச் காஞ்சது, பெல்ட் பெட்டிக்குள்ள தனியா இருக்கு, அது இன்ஜின் ஆயிலைத் தொடறதே இல்ல. அதனால எம்பி ஆயில் வழுக்கலா இருந்தாலும் ஸ்கூட்டருக்கு ஒண்ணும் ஆகாது. அதையே பைக்ல ஊத்துனா டாப் கியர்ல ஆக்சிலரேட்டர் முறுக்கும்போது இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. நம்ம ஹாஸ்டல்ல மிச்சம் இருந்த ஸ்கூட்டர் ஆயிலை பைக்ல ஊத்துறவங்க கவனத்துக்கு.

சரி, ஆயிலை வடிச்சுட்டா ட்ரை கிளட்ச் ஆயிடுமா? ஆகாது. பல்சர் மாதிரி இன்ஜின்ல கிளட்ச் பெட்டி, பிரைமரி கியரோட சேத்து ரிவெட் அடிச்சு இருக்கும். அந்தக் கியருக்கு ஆயில் வேணும். அப்போ கியரை உள்ளயே விட்டுட்டு, நடுவுல ஒரு ஆயில் சீல் வச்சு, கிளட்ச்சை மட்டும் சீலுக்கு வெளிய கொண்டு வரணும். அதுக்கு ஷாஃப்ட் நீளணும், புது மூடி வேணும், தள்ளுற ராடுக்கும் ஒரு சீல் வேணும். டுகாட்டி அப்படித்தான் செஞ்சான். மூடியில ஜன்னல் ஜன்னலா வெட்டி விட்டு, உள்ள பிளேட்டுகள் சில்லறை டப்பாவைக் குலுக்குற மாதிரி கலகலன்னு சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காகவே அந்த வண்டியை வாங்குறவங்க இருக்காங்க.

பழைய புல்லட்ல மட்டும் கதை வேற. சென்னை திருவொற்றியூர்ல 1955-ல தொடங்கி அரை நூற்றாண்டு தாண்டி வந்துக்கிட்டிருந்த அந்த வார்ப்பிரும்பு இன்ஜின்ல இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு ஒண்ணு, இடது பக்கம் பிரைமரி செயினும் கிளட்ச்சும் இருக்கிற பெட்டிக்கு ஒண்ணுன்னு மூணும் தனித்தனி. அந்த இடது பெட்டியில அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாத்தான் ஆயில் ஊத்துவாங்க. இங்கிலாந்துல பழைய நார்ட்டன், டிரையம்ஃப், புல்லட் வச்சிருக்கிறவங்க ரொம்ப காலமா ஒரு வேலை செய்யறாங்க. செயினைக் கழட்டிட்டு பல் வச்ச ரப்பர் பெல்ட் போட்டுர்றாங்க. பெல்ட்டுக்கு ஆயில் வேண்டாம், அதனால பெட்டியையே காய வச்சு, கிளட்ச்சையும் காஞ்ச கிளட்ச்சா ஓட்டுறாங்க. அவங்க இதைச் செய்யறதுக்கு வேகத்தைவிட முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு, புல்லட் வச்சிருக்கிற எந்த வீட்டுக்கும் அது தெரியும். அந்த இடது பக்க மூடியை நடுவுல ஒரே ஒரு நட்டுதான் பிடிச்சிருக்கு. சுத்தி ஒரு ரப்பர் வளையம். அது ஒழுகும். எப்பவும் ஒழுகும். எங்க வீட்டு வாசல்ல வண்டி நிக்கிற இடத்துல சிமெண்ட் கருத்துப் போய் கிடக்கு, அம்மா அதுல கோலமே போடுறதில்ல. ஒழுகுற ஆயிலுக்கு நிரந்தர வைத்தியம் ஆயிலே ஊத்தாம இருக்கிறதுதான்.

எங்க பிளான் இதுதான். செயினுக்குப் பதிலா பெல்ட், அதுக்கேத்த ரெண்டு பல் சக்கரம் லேத்ல கடைஞ்சு எடுக்கணும், காஞ்ச ஓட்டத்துக்கு ஏத்த பிளேட், இன்ஜின் பக்கமிருந்தும் கியர்பாக்ஸ் பக்கமிருந்தும் ஆயில் கசியாம இருக்க நல்ல சீல். புல்லட்ல கியர்பாக்ஸ் இன்ஜினோட முதுகுல போல்ட் போட்டு முறுக்கியிருக்கும், முன்ன பின்ன நகத்த முடியாது. அதனால பெல்ட் நீளத்தைக் கணக்கு பண்ணித்தான் வாங்கணும். சூடானா அலுமினியம் விரியும், சக்கரங்களுக்கு நடுவுல தூரம் கூடும், அதுக்காகக் குளிர்ந்திருக்கும்போது பெல்ட்டைக் கொஞ்சம் தொளதொளன்னு விடணும். கடைசியா, சூடு வெளிய போக மூடியில ஓட்டை போடணும்.

இந்த டிராயிங்கை எடுத்துக்கிட்டுதான் அண்ணாச்சி பட்டறைக்குப் போனேன். அப்பா வண்டியை நான் பிறக்கிறதுக்கு முன்னாடி இருந்து பாக்கிறவர். முழுசாப் பாத்தார். சிரிக்கல. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரேஸ்காரன் எத்தன தடவ நின்ன எடத்துலேர்ந்து கிளட்ச் விட்டுக் கெளம்புவான் தம்பி?"

"ஒரு தடவை, அண்ணாச்சி. ஸ்டார்ட்ல."

"ஒங்க அப்பா?"

நான் பதில் சொல்லல. அவரும் எதிர்பாக்கல, அடுத்த வண்டிக்குப் போயிட்டார்.

ராத்திரி கணக்கு போட்டுப் பாத்தேன். நீங்களும் போடலாம், பிளஸ் டூ பிசிக்ஸ் போதும். புல்லட்டும் ரெண்டு ஆளும் சேந்து 300 கிலோன்னு வைங்க. நின்ன இடத்துல இருந்து கிளட்ச்சை மெதுவா விட்டு, அது முழுசாப் பிடிக்கும்போது 15 கிலோமீட்டர் வேகம்னு வைங்க. அந்த வேகத்துல வண்டிக்கு இருக்கிற இயக்க ஆற்றல் சுமார் 2,600 ஜூல். இன்ஜின் ஒரே வேகத்துல சுத்திக்கிட்டிருந்தா, வண்டிக்கு எவ்வளவு ஆற்றல் போகுதோ அதே அளவு கிளட்ச்ல சூடாகிப் போகும். நீங்க எவ்வளவு பதமா விட்டாலும் இதுல தப்பிக்க முடியாது. ஒரு தடவை கிளம்பினா 2,600 ஜூல் சூடு. நூறு தடவை கிளம்பினா 2,60,000 ஜூல். அது முக்கால் லிட்டருக்கு மேல பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும்.

நூறு தடவை யார் கிளம்புவான்னு கேக்கறவங்க சீசன் நேரத்து ஞாயித்துக்கிழமை தென்காசி பக்கம் வந்ததில்லன்னு அர்த்தம். தென்காசியில இருந்து குற்றாலம் அஞ்சு கிலோமீட்டர் பக்கம்தான். பேரருவியில தண்ணி நல்லா விழுதுன்னு தெரிஞ்சா போதும், மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி, அந்தப் பக்கம் கேரளான்னு மொத்த வண்டியும் அந்த ரோட்டுக்கு வந்துரும். வேன் ஒரு அடி நகரும், நிக்கும். நீங்க ஒரு அடி நகருவீங்க, நிப்பீங்க. பாதி நேரம் ஹாஃப் கிளட்ச்லயேதான் ஊருவீங்க. பேரருவியில கூட்டம்னு ஐந்தருவிக்குத் திரும்புவாங்க, அங்கயும் இதே நிலைமை. இங்க ஒரு பைக்கோட கிளட்ச் ஒரு மணி நேரத்துல படுற பாட்டை ரேஸ் வண்டியோட கிளட்ச் ஒரு ரேஸ் முழுக்கப் படாது.

அந்தச் சூடு எங்க போகும்? வெட் கிளட்ச்ல ஆயில் எடுத்துக்கிட்டுப் போய் பெட்டிச் சுவர்ல கொடுத்துரும். பெட்டி முழுசும் அலுமினியம், மெதுவா வெளிய விட்டுரும். காஞ்ச கிளட்ச்ல பிளேட்டும் அதைச் சுத்தி இருக்கிற இரும்பும்தான் மொதல்ல வாங்கிக்கணும். ரெண்டு கிலோ இரும்புன்னு வச்சு, காத்து எதையுமே எடுத்துக்கலைன்னு கணக்கு போட்டா அந்த 2,60,000 ஜூலுக்கு 280 டிகிரி ஏறும். நிஜத்துல காத்து கொஞ்சம் எடுத்துக்கும், அதனால அவ்வளவு ஏறாது. ஆனா காத்து வேணும்னா வண்டி ஓடணும். நிக்கிற வண்டிக்குக் காத்து கிடையாது. சூடு ஏற ஏற பிளேட்ல பிடி குறையும், பிடி குறைஞ்சா இன்னும் வழுக்கும், வழுக்கினா இன்னும் சூடு.

காஞ்ச கிளட்ச் சூடானா எப்படி இருக்கும்னு தெரியணுமா? செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவுல லோடு லாரிக்குப் பின்னாடி ஏறிப் பாருங்க. வளைவுல நின்னு மறுபடி கிளம்பும்போது கருகின வாடை ஒண்ணு வரும். அது லாரியோட காஞ்ச கிளட்ச். அவ்வளவு பெரிய பிளேட்டும், ஃப்ளைவீலோட அவ்வளவு இரும்பும் இருந்தும் அந்த நிலைமை.

ஸ்கூட்டர் மட்டும் எப்படி சமாளிக்குதுன்னு நியாயமா கேப்பீங்க. அதோட பெல்ட் பெட்டிக்குள்ள ஒரு விசிறி இருக்கு, வண்டி நின்னாலும் இன்ஜின் சுத்தினா அது காத்தை இழுக்கும். லீவர் இல்லாததால நாம ஹாஃப் கிளட்ச் பிடிக்கவும் வழியில்ல. அப்படியும் பழைய ஸ்கூட்டர் கிளம்பும்போது நடுங்குதுல்ல, அது கிளட்ச் ஷூ மழுங்கிப் பளபளன்னு ஆனதோட வேலை.

சாரல் வேற இருக்கு. மூடியில ஓட்டை போட்டா காத்து மட்டுமா உள்ள வரும்? எங்க ஊர்ல ஜூன்ல ஆரம்பிச்சா மழையும் இல்லாம வெயிலும் இல்லாம பூவாளியில தெளிக்கிற மாதிரி நாள் பூரா நனைச்சுக்கிட்டே இருக்கும். ராத்திரியில ஸ்டீல் பிளேட்ல மெல்லிசா துரு ஏறும். காலையில மொதல் நாலு கிளம்பல்ல கிளட்ச் படக்குன்னு பிடிக்கும். பின்னாடி ஆள் உக்காந்திருந்தா முதுகுல வந்து முட்டுவாங்க.

இதையெல்லாம் வேலையா வச்சிருக்கிறவங்களும் இதே பக்கம்தான் வந்து நின்னிருக்காங்க. பிஎம்டபிள்யூவோட பாக்ஸர் வண்டிகள்ல பல தலைமுறையா ட்ரை கிளட்ச். 2013 மாடல் ஆர்1200ஜிஎஸ்-ல வெட்டுக்கு மாத்திட்டாங்க. டுகாட்டி 1199 பனிகாலேவுல வெட்டுக்கு வந்தாங்க. பிறகு 2019-ல ரேஸுக்குன்னே பனிகாலே வி4 ஆர் செஞ்சப்போ மறுபடியும் ட்ரை போட்டாங்க. அவங்களுக்கு ரெண்டும் செய்யத் தெரியும். எந்த ரோட்டுக்கு எதுன்னு பாத்துப் போடுறாங்க.

இப்ப அப்பா கதைக்கு வர்றேன். அவருக்குத் தேங்காய் வியாபாரம். புளியரை, பண்பொழி, வடகரைன்னு தோப்பு தோப்பா போய் விலை பேசணும். தோப்புப் பாதையில மொதல் கியரும் ஹாஃப் கிளட்ச்சும்தான். திரும்பி வரும்போது பின்னாடி மூட்டை இருக்கும். அவர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். புராஜெக்ட்டுக்கு வண்டி வேணும், ரெண்டு மாசம் ஆகும், மூடியில ஓட்டை போடுவோம்னு. அவர் யோசிக்கவே இல்ல. "எடுத்துக்கோடே. நான் பஸ்ல போயிக்கிடுதேன்"ன்னார்.

வேண்டாம்னு சொல்லியிருந்தா எனக்கு சுலபமா இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம், நாவல்டி பத்தி ஒரு லெக்சர் எடுத்திருக்கலாம். கேட்ட உடனே கொடுக்கிற ஆள்கிட்ட என்ன பேசுறது? பட்டறையில அண்ணாச்சி சொன்னது ஞாபகம் வந்தது. "நீ பரீச்சை எழுதிட்டுப் போயிருவ. அதுக்கப்புறம் அந்த வண்டிய ஓட்டப் போறது ஆரு, அவருல்லா?"

டீம்ல பேசினேன். எளிதா முடியல. ரோட்ல ஓட்டிக் காட்டுறதா ரிவ்யூல சொல்லியாச்சு, இப்ப மாத்தினா மார்க் போகும்னு ஒருத்தன். எல்லாம் முடிஞ்ச பிறகு பழைய மூடியையும் செயினையும் திருப்பி மாட்டிக் கொடுத்துருவோம்னு இன்னொருத்தன். ரெண்டு பேர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. திருப்பி மாட்டலாம்தான், சீலும் பிளேட்டும் மறுபடி ஆயிலுக்குப் பழகும்தான். ஆனா அந்த ரெண்டு மாசம் தேங்காய் சீசன். பஸ் போகாத தோப்புக்கு அவர் நடந்துதான் போகணும். நான் ஒத்துக்கல. மொதல் ஆளு ஒரு வாரம் என்கூட சரியா பேசல. இப்ப பேசறான், மெஸ்ஸுல எனக்கும் சேத்து தட்டு எடுக்கிறான்.

முடிவா என்ன செஞ்சோம்னா, காயலான் கடையில ஒரு பழைய புல்லட்டோட இடது பக்கப் பெட்டியும் கிளட்ச்சும் கிடைச்சது. அதை ஸ்டாண்டுல மாட்டி, மோட்டார் வச்சு சுத்தி, மறுபக்கம் ஒரு கனமான சக்கரத்தைக் கிளப்பிக் கிளப்பி நிறுத்தப் போறோம். மொதல்ல செயினும் ஆயிலும், பிறகு பெல்ட்டும் காத்தும். குற்றாலம் ரோடு மாதிரியே நிமிஷத்துக்கு எத்தனை கிளம்பல்னு வச்சு, மூடியோட சூடு எப்படி ஏறுதுன்னு ரெண்டுக்கும் பக்கத்துல பக்கத்துல கோடு வரையணும். பெல்ட் வாங்கியாச்சு. பல் சக்கரம் லேத்ல இருக்கு. கைடுகிட்ட தலைப்பை மாத்திக் கொடுத்தோம். "ரோட்ல ஓடாதா?"ன்னு ஒரு தடவை கேட்டுட்டு கையெழுத்துப் போட்டார். நாவல்டின்னு இந்தத் தடவை சொல்லல.

அப்பா வண்டிக்கு அண்ணாச்சி புது ரப்பர் வளையம் போட்டு மூடியை முறுக்கிக் கொடுத்திருக்கார். ரெண்டு சொட்டு இன்னும் விழுது.

ஒரு உதவி வேணும். சுத்துற பிளேட்டுக்குப் பக்கத்துல வைக்கிற மாதிரி ரெண்டு தெர்மோகப்பிள், கூடவே ரீடிங்கைப் பதிஞ்சு வைக்கிற ஒரு லாகர். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிபார்ட்மென்ட் மக்கள் யாராவது இதைப் படிச்சா, லேப்ல சும்மா கிடந்தா, வொர்க்ஷாப் பின்பக்கம் ஷெட்டுல எங்களைப் பாக்கலாம். சாயங்காலம் நாலரைக்கு மேல இருப்போம். டீ எங்க செலவு.